நடுநிலைப் பள்ளியின் தரம் அறிவது எங்ஙனம்?

வைகாசி பிறந்ததும் நம் ஊர்களில் பெற்றோர் பலர் ஒருவரையொருவர் வினவும் வினா ஒன்றுண்டு. "பிள்ளையை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கலாம்?" என்பதே அது. கலாசாலையில் பயில்வோர் என்ற காரணத்தால் இவ்வினா நம்மிடத்தும் வருகின்றது. விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவரை நோக்கி, "தம்பி, நம்மூர் ஒன்றியப் பள்ளிக்கூடம் தேவலையா? டவுனில் இருக்கிற மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அனுப்பலாமா?" என்று சிற்றப்பனோ அத்தையோ கேட்பதும், அம்மாணவர் அதிகம் யோசியாமல் விடை பகர்வதும் வழக்கம். அவ்விடையை நம்பி ஒரு குடும்பம் தன் கடன்சுமையையும் ஒரு குழந்தையின் மூன்று ஆண்டுகளையும் நிர்ணயித்துவிடுகின்றது. ஆதலின், பொதுப்பணத்தால் நடைபெறும் ஒரு நடுநிலைப் பள்ளி நல்லதா, அன்றா என்பதை அறியும் வகை பற்றி எமக்குத் தோன்றுவனவற்றை இச்சஞ்சிகையின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

உயர்நிலைப் பள்ளிக்குப் பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சை உண்டு. இத்துணைப் பேர் எழுதினர், இத்துணைப் பேர் தேறினர் என்று ஊரார் கணக்கிட்டுக்கொள்வர். தொடக்கப் பள்ளிக்கோ, குழந்தை எழுத்துக் கூட்டி வாசிக்கின்றதா என்பதைத் தாயே வீட்டில் அறிந்துகொள்வாள். இடைநின்ற நடுநிலைப் பள்ளிக்கு இவ்விரண்டும் இல்லை. எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகின்றது. பின்னர் அப்பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறினால் புகழும், தவறினால் பழியும் வேறு பள்ளியைச் சாரும். தமிழ்நாட்டு அரசு 2019 செப்டம்பரில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கும் பொதுப் பரீட்சை நடைபெறும் என்று அறிவித்தது. எதிர்ப்பு மிகுந்தமையால் 2020 பிப்ரவரியில் அதனைக் கைவிட்டது. கைவிட்டது நன்றே என்பது எம் கருத்து. பத்து வயதுக் குழந்தையைப் பரீட்சைக் கூடத்தில் அச்சுறுத்தி அமர்த்துவதால் பள்ளி திருந்தும் என்று நாம் எண்ணவில்லை. ஆயினும், அளவுகோல் யாதும் இல்லாத இடத்தில் புறத்தோற்றமே அளவுகோலாய்ப் புகுந்துகொண்டது என்பதையும் மறுத்தற்கில்லை.

அப்புறத்தோற்றத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கழுத்துப் பட்டி, காலணி, மஞ்சள் வண்ண ஊர்தி, வாயிலில் காவலாளி, "குட் மார்னிங்" என்னும் ஒருமித்த குரல் ஆகிய இவ்வளவே. ஒன்றியப் பள்ளியின் அன்பர்களும் இவ்வகையில் பின்தங்கியவர் அல்லர். சுவருக்குப் புதுவண்ணம் தீட்டி, ஒரு வகுப்பறையில் மின்திரை மாட்டி, அதன் படத்தைக் கைப்பேசியில் ஊரெங்கும் பரப்பி, பள்ளி உயர்ந்துவிட்டது என்று மகிழ்கின்றனர். வண்ணமும் திரையும் வேண்டாவென்று யாம் கூறவில்லை. ஒழுகும் கூரையின்கீழ்ப் படித்தவர்கள் நம்முள் உளர். அவர்க்குக் கட்டடத்தின் அருமை தெரியும். எனினும், திரை எரிகின்ற அறையில் பாடம் நடக்கின்றதா என்பது தனிக் கேள்வி.

பிறிதொரு மயக்கமும் அண்மையில் சேர்ந்துள்ளது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கலாசாலைச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2020-இல் நிறைவேறியது. மறு ஆண்டில் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் இவ்வாறே வகை செய்யப்பட்டது. 2022 செப்டம்பரில், அங்ஙனம் பயின்று மேற்படிப்பிற் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. நம் கலாசாலையில் அத்தொகையைக் கொண்டு புத்தகமும் பேருந்துச் சீட்டும் வாங்கிய மாணவியர் இவற்றின் பயனை நன்கறிவர். இதனால் ஆறாம் வகுப்பு ஒரு வாயிலாகிவிட்டது. அவ்வாயிலிற் பிள்ளையை நுழைத்துவிட்டால் போதும் என்று எண்ணும் தந்தையரும் தோன்றியுள்ளனர். சலுகை வேறு, பள்ளியின் தரம் வேறு. ஏழாம் வகுப்பில் பின்னத்தைக் கல்லாத பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் சலுகையின் வாயிலை அடைவதே அரிது.

நிற்க. மதிப்பெண்ணைக் கொண்டே அளந்துவிடலாகாதோ என்று கணித மாணவர் சிலர் கேட்கக்கூடும். இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் இராபர்ட் லோ என்பார் கல்வித்துறையை நடத்தியபோது, 1862-இல் ஒரு புதிய விதித்தொகுதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வருகைக்கென ஒரு சிறு தொகையும், பரீட்சைக்கென ஒரு பிள்ளைக்கு 8 ஷில்லிங்கும் பள்ளிக்கு மானியமாகும். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றனுள் பிள்ளை எதில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். விளைந்தது யாது? பரீட்சை அதிகாரி வருமுன் வாசகப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகள் நெட்டுருப் போட்டனர். பூகோளமும் சரித்திரமும் மூலையில் ஒதுங்கின. கவிஞரும் பள்ளி மேற்பார்வையாளருமாகிய மாத்யூ ஆர்னால்டு இதனைக் கண்டித்து எழுதியும், அம்முறை முற்றும் ஒழிவதற்கு அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு ஆயிற்று. பலனுக்கேற்ற மானியம் என்ற பெயரில் நம் சென்னை மாகாணத்திலும் அது ஒரு காலத்தில் வழங்கியது. உபாத்தியாயரின் கூழ் பிள்ளையின் விடையைப் பொறுத்திருந்தபோது, அவர் பாடஞ் சொல்வதை விட்டு விடையைச் சொல்லத் தலைப்பட்டது இயல்பே. அவரை யாம் குறை கூறோம். அக்கோலைச் செய்தவரையே குறை கூறுவோம்.

இக்காலத்து நடுநிலைப் பள்ளிகளிலும் இதன் சாயலை ஒருவாறு காணலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவிப் பரீட்சை என்று ஒன்றுண்டு. தேறி உதவி பெறுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் கிடைக்கும். நாடு முழுமைக்கும் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் இடங்கள். அவற்றுள் தமிழ்நாட்டுக்குரியவை 6,695. கூலிவேலை செய்யும் பெற்றோர்க்கு இது பெருந்தொகை. இதற்கெனக் காலையும் மாலையும் ஊதியமின்றிப் பயிற்சி அளிக்கும் உபாத்தியாயர்களை யாம் வணங்குகின்றோம். ஆனால் நால்வர் தேறினர் என்று வாயிலில் பதாகை கட்டிய பள்ளியைக் கண்டால், அவ்வகுப்பில் மொத்தம் எத்துணைப் பேர், எஞ்சியோர் அம்மாதங்களில் என் செய்துகொண்டிருந்தனர் என்று கேட்காமல் மீளலாகாது. கூர்மையுள்ள ஐவரை முன்னிறுத்தி, இருபத்தைவரைத் தாழ்வாரத்தில் அமர்த்திப் பார்த்தெழுதச் செய்த பள்ளி அந்நால்வருக்கு மட்டுமே நல்ல பள்ளி.

மதிப்பெண் பள்ளியைக் காட்டுவதினும் வீட்டையே மிகுதியாய்க் காட்டும் என்பது மற்றொரு தடை. அமெரிக்க நாட்டில் ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியலறிஞர் தலைமையில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 1966-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பிள்ளைகளின் தேர்ச்சியில் காணும் ஏற்றத்தாழ்வு, பள்ளியின் கட்டடம், கருவி, செலவு ஆகியவற்றைக் காட்டிலும் குடும்ப நிலையையே பெரிதும் தொடர்ந்து நிற்கின்றது என அது கூறியது. அதனை மறுத்தும் திருத்தியும் பின்னர் எழுதினோர் பலர். ஆயினும் அடிப்படைச் செய்தி நம்மூர்க்கும் பொருந்தும். தாய் பட்டதாரி, தந்தை வங்கி ஊழியர், மாலையில் தனிப்பாடம் என்றிருக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றுத் தருவதில் வியப்பென்ன? செங்கற்சூளையிலிருந்து வரும் பிள்ளையை நாற்பதிலிருந்து அறுபதுக்கு உயர்த்திய பள்ளியே அதிக வேலை செய்த பள்ளி. பிள்ளை எங்கே நிற்கின்றான் என்பதைக் காட்டிலும், எங்கிருந்து புறப்பட்டு எவ்வளவு தூரம் வந்தான் என்று பார்ப்பதே நியாயம்.

அத்தூரத்தை அளப்பது எப்படி? இதற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. பிரதம் என்னும் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வில் தொண்டர்கள் கிராமத்து வீடுகளுக்குச் சென்று, பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுக்கின்றனர். எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறு கதை, இவ்வளவே வாசிப்புச் சோதனை. கணக்கிலோ, எண்ணறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதே தாள்தான். இதனையும் தாண்ட இயலாதோர் பலர் உளர் என்பதை நாடு அறிந்தது அவ்வாய்வால்தான். ஆனால் அது வீடுகளைப் பொறுக்கி எடுத்து மாவட்டத்தின் நிலையைக் கூறுவது. ஒரு தனிப் பள்ளியைப் பற்றி அது பேசாது. 2024 டிசம்பர் 4-ஆம் நாள் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் ஒன்றிய அரசு நடத்திய ஆய்வும் அத்தன்மையதே. அவற்றின் எண்ணை எடுத்து, "ஆகவே இந்தப் பள்ளி மோசம்" என்று சொல்வது, மாவட்டத்தின் மழையளவைப் பார்த்து இன்னார் வயல் நனைந்தது என்று கூறுவதை ஒக்கும். ஆயினும் அத்தாளின் எளிமையைக் கடன் வாங்கலாம். ஆறாம் வகுப்பில் நுழையும் ஆனியில் ஒருமுறை, எட்டாம் வகுப்பு முடியும் பங்குனியில் ஒருமுறை, அதே பிள்ளையை அருகிலமர்த்தி வாசிக்கவும் கணக்கிடவும் கேட்டு எழுதிவைத்தால், மூன்றாண்டு வேலையின் அளவு தெரிந்துபோம்.

இங்கே கணித மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. ஒன்றியப் பள்ளிகள் பலவற்றில் வகுப்புக்கு இருபது பிள்ளைகளே இருப்பர். சென்ற ஆண்டு இருபதின்மருள் பதினெண்மர் வகுத்தல் அறிந்தனர், இவ்வாண்டு பதினைவர். தொண்ணூறு விழுக்காடு எழுபத்தைந்தாய்ச் சரிந்தது என்று பத்திரிகை எழுதும். சரிந்தது மூன்று பிள்ளைகள். அம்மூவரும் தை மாதத்தில் வேறு மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்ட வந்த குடும்பத்தினராயும் இருக்கலாம். சிறு பள்ளியை விழுக்காட்டால் எடைபோடாது, பிள்ளைகளைப் பெயர் பெயராய் எண்ணுவதே முறை.

இனி, பள்ளிக்குள் சென்று காணத்தக்கவற்றைக் கூறுவோம். முதலாவது, உபாத்தியாயர் இருக்கின்றாரா என்பது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு, அறிவியலும் கணிதமும் ஒருவர், சமூகவியல் ஒருவர், மொழி ஒருவர் என்று குறைந்தது மூவரை விதித்தது. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் இருத்தல் வேண்டும். நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்டால் முழுநேரத் தலைமை உபாத்தியாயரும், ஓவியம், உடற்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநரும் வேண்டும். ஆண்டில் 220 வேலைநாட்கள், 1,000 மணி நேரம் பாடம் நடத்தல் வேண்டும். இவை அட்டவணையில் எழுதப்பட்ட விதிகள். கணித உபாத்தியாயர் மாறுதலாகிச் சென்று பதினோரு மாதமாகியும் அவ்விடம் நிரம்பாத பள்ளியின் பிள்ளைகளைக் கணக்கில் சோதித்து, அப்பள்ளியைத் தாழ்ந்ததென்று முத்திரையிடுவது நீதியன்று. தாழ்ந்தது அவ்விடத்தை நிரப்பாத அலுவலகம். கற்பித்தல் அல்லாத பணிகளில் உபாத்தியாயரை ஏவலாகாது என்று அச்சட்டமே கூறியும், குடிக்கணக்கு, பேரிடர், தேர்தல் ஆகியவற்றுக்கு விலக்களித்தது. இவ்விலக்கின் வழியாகவும், கைப்பேசியில் நிரப்பவேண்டிய படிவங்களின் வழியாகவும் எத்தனை பாடவேளைகள் கழிகின்றன என்பதைத் தலைமை உபாத்தியாயரைக் கேட்டறிக. வாய் திறந்து கூறுவதற்கு அவர் தயங்கினால், அதுவும் ஒரு செய்தியே.

இரண்டாவது, பிள்ளைகளின் கையெழுத்துப் புத்தகங்கள். எம்மைக் கேட்டால் எல்லாக் கருவிகளிலும் இதனையே சிறந்ததென்போம். "எங்கள் ஊர்" என்ற வியாசத்தை முப்பது பிள்ளைகளின் புத்தகங்களிலும் புரட்டிப் பாருங்கள். முப்பதும் ஒரே வாக்கியத்தில் தொடங்கி ஒரே வாக்கியத்தில் முடிந்து, ஒவ்வொன்றின்கீழும் ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருக்குமாயின், அங்கே எழுதியவர் உபாத்தியாயர்; பிள்ளைகள் படியெடுத்தவர். பிழைகள் மலிந்திருந்தும் ஒருவன் தன் ஊர்க் கண்மாயைப் பற்றியும், ஒருத்தி ரேஷன் கடை வரிசையைப் பற்றியும் எழுதி, உபாத்தியாயர் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, அதற்கு விடையும் அடுத்த பக்கத்தில் இருக்குமாயின், அப்பள்ளியில் பிள்ளையைத் தயங்காமல் சேர்க்கலாம். கணக்குப் புத்தகத்தில் தவறான விடைகளைத் தேடுக. தவறே இல்லாத புத்தகம் கரும்பலகையின் நகல். தவறும், அதன்மேல் குறுக்குக் கோடும், கீழே மறுமுயற்சியும் காணப்படுவதே கற்றலின் அடையாளம். நூலக அலமாரியின் சாவி யாரிடம் உள்ளது என்றும் விசாரிக்கலாம். புத்தகங்களின் ஓரங்கள் அழுக்கேறி முனை மடங்கியிருந்தால் மகிழ்க; உறை கலையாமல் பளபளத்தால் வருந்துக.

மூன்றாவது, பெண்பிள்ளைகளின் கழிப்பறை. ஆண்மக்கள் எழுதும் கட்டுரைகளில் இச்செய்தி பெரும்பாலும் விடப்படுகின்றது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளிலேதான் பெண்பிள்ளைகள் பலர் பருவமெய்துகின்றனர். தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத கழிப்பறை உள்ள பள்ளியில், அவர்கள் மாதத்தில் சில நாட்கள் வாராதொழிவர், அன்றேல் காலைமுதல் நீரருந்தாமலே அமர்ந்திருப்பர். வருகைப் பதிவேட்டில் ஏழாம் வகுப்புப் பெண்களின் வரிசையை ஆண்பிள்ளைகளின் வரிசையோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

நான்காவதைப் பற்றி எவரும் கணக்கெடுப்பதில்லை. அதனாலேயே அதனை வற்புறுத்துகின்றோம். எட்டாம் வகுப்பு முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் எங்கே போயினர்? இரண்டாண்டுகளுக்கு முன் வெளியேறிய பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு, இன்று பத்தாம் வகுப்பில் இருப்போர் எவர், இருசக்கர வாகனப் பட்டறையில் இருப்போர் எவர், நூற்பாலைக்குச் சென்றோர் எவர், மணமாகிப் போனவள் எவள் என்று ஊரைக் கேட்டால் அரைநாளில் விடை கிடைக்கும். உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும் என்று 2009-இல் தொடங்கிய ஒன்றியத் திட்டம் வகுத்தது. அத்தூரமும் பேருந்து வாராத சாலையில் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு நெடுந்தூரமே. அரசின் விலையில்லா மிதிவண்டியோ பதினோராம் வகுப்பில்தான் வருகின்றது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாசி மாதத்திலேயே உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று காட்டி, வீடுதோறும் சென்று பெற்றோரிடம் பேசி, ஒருவரும் விடுபடாமல் ஒன்பதாம் வகுப்பிற் சேர்த்துவிட்டு ஓயும் தலைமை உபாத்தியாயர்கள் உளர். அவர்களுடைய இவ்வேலை எந்த அறிக்கையிலும் மதிப்பெண் பெறுவதில்லை.

இவ்வளவு கூறியதனால், வறுமையைக் காரணங் காட்டி அரசுப் பள்ளியின் குறைகளுக்கு யாம் குடைபிடிப்பதாக ஒருவர் நினைக்கலாம். அஃது எம் நோக்கமன்று. எட்டாம் வகுப்பு முடிய எந்தப் பிள்ளையையும் தேக்கிவைத்தலாகாது என்னும் விதி 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்தது. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மாநிலங்கள் விரும்பினால் ஐந்திலும் எட்டிலும் தேக்கலாம் என்றாயிற்று. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் அவ்வாறே செய்வதாக அறிவித்தபோதும், தமிழ்நாடு பழைய விதியிலேயே நின்றது. அவ்விதியை யாம் ஆதரிக்கின்றோம். தேக்கப்பட்ட பிள்ளை படிப்பதைவிடப் பள்ளியை விட்டு நீங்குவதே மிகுதி. ஆனால் தேக்கமில்லை என்னும் விதியின் நிழலில், வாசிக்கத் தெரியாத பிள்ளையை மூன்றாண்டுகள் கடைசிப் பலகையில் இருத்தி, கையொப்பமிட்டு அனுப்பிவிடும் பள்ளி, அதன் முற்றம் எவ்வளவு தூய்மையாயினும், அதன் பதாகையில் எத்துணைப் பெயர்கள் இருப்பினும், தன் கடமையிற் பிழைத்த பள்ளியே. தூரத்தை அளக்க வேண்டும் என்றோம். அளவேண்டா என்று கூறினோமில்லை. ஒரு பள்ளியின் தரம் அதன் முதல் மாணவனிடம் இல்லை. கடைசி ஐவரின் பெயரைக் கேட்டு, அவர்கள் ஆறாம் வகுப்பில் எந்நிலையில் இருந்தனர், இன்று எந்நிலையில் உள்ளனர் என்று வகுப்பு உபாத்தியாயரை வினவுக. உடனே விடை கூறுபவர் அப்பிள்ளைகளோடு போராடியவர். பெயர்களையே நினைவுகூர இயலாதவரைப் பற்றி யாம் கூறவேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் சென்று காண்பதற்கு உரிமையுடையார் எவர் என்னும் கேள்வி எஞ்சுகின்றது. சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு ஒன்றை வகுத்து, அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதியேனும் பெண்களாகவும் இருக்க விதித்துள்ளது. பல ஊர்களில் குழுவின் பதிவேடு வீடு தேடிச் சென்று கையொப்பம் பெற்றுத் திரும்புகின்றது, குழு கூடுவதில்லை. நூறுநாள் வேலைக்குச் சென்று களைத்த தாயார், "எங்களுக்கு என்னங்க தெரியும்? வாத்தியார் சொல்றதுதான்" என்று கூறிக் கையெழுத்திடுகின்றார். அவர்க்குத் தெரியாதது ஒன்றுமில்லை; கேட்கவேண்டிய கேள்விகளை எவரும் அவர் கையிற் கொடுத்ததில்லை.

நம் கலாசாலை மாணவருள் ஒன்றியப் பள்ளிகளிலிருந்து வந்தோர் பலர். நாட்டு நலப்பணி முகாமில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் மரக்கன்று நடுவதும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. அவற்றோடு, தலைமை உபாத்தியாயரின் இசைவும் குழுவின் அழைப்பும் பெற்று, ஆனி மாதத்தில் ஒரு வாரம் தத்தம் ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராய் வாசிக்கக் கேட்டுக் குறித்துக்கொடுக்கும் பணியையும் மேற்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் போதும். இருபது பிள்ளைகளுக்கு ஒரு முற்பகல். குழுவிலுள்ள தாய்மாரும் அருகிலிருந்து கேட்கட்டும். மூன்றாண்டு கழித்து எட்டாம் வகுப்பில் அதே பிள்ளைகளை மீண்டும் கேட்பதற்கு அப்போதைய மாணவர் செல்வர். அக்குறிப்புத் தாள் தலைமை உபாத்தியாயரின் மேசையிலும் குழுவின் பதிவேட்டிலும் மட்டுமே இருத்தல் வேண்டும். பத்திரிகைக்கும் பதாகைக்கும் மேலதிகாரியின் தரவரிசைக்கும் அது செல்லுமாயின், லோ துரையின் 8 ஷில்லிங் வேறு உருவில் திரும்பிவரும். அடுத்த ஆனியில் பிள்ளைகள் அக்கதையை மனப்பாடமாய் ஒப்பிப்பர்.